இரண்டு சீமை எலிகளும் வீட்டு நாற்றமும்

சீமை எலிகள் இரண்டையும் எங்களுக்குக் கொடுத்தவர்கள், “ரெண்டும் ஆண்தாம்மா, குட்டி போட்டுப் பெருகிடுமோன்னு பயமே வேணாம்” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆண் என்றால் வேறு என்னவெல்லாம் வரும் என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது. வந்தபோது இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிகள். ஒன்று முழு வெள்ளை. இன்னொன்றுக்கு முதுகில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு பட்டை. வால் கிடையாது. இங்கிலீஷில் கினி பிக் என்பார்கள். பசித்தால் விசில் மாதிரி ஒரு சத்தம் போடும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஜவ்வாது மலையில், காவலூரிலிருந்து சில மைல் தள்ளி ஒரு துணை சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தேன். நிலையம் என்றால் ஓர் அறை. அதை ஒட்டி நாங்கள் குடியிருக்க இன்னோர் அறையும் ஒரு சமையலறையும். அறைக்கு ஒரே ஜன்னல். என் வேலை பெரும்பாலும் நடப்பது. காலையில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் மூன்று ஊர், நான்கு ஊர் ஏறி இறங்கி, கர்ப்பிணிகளைப் பார்த்து, பிறந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது வீடு வருவேன்.

வீட்டில் என் கணவர் கட்டிலில் இருந்தார். ஒடுகத்தூரிலிருந்து மலைக்கு வரும் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். நாற்பத்து நான்கு வயதில் ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த சொம்பு நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு குழறியது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

காவலூர் வானாய்வு நிலையக் குடியிருப்பில் இருந்த ஒரு குடும்பம் அவருடைய பஸ்ஸில் அடிக்கடி போய்வந்த குடும்பம். அந்தக் குடும்பத் தலைவருக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன் என் கணவரைப் பார்க்க வந்தவர்கள், தங்கள் பிள்ளைகள் வளர்த்த சீமை எலி ஈன்ற குட்டிகளில் இரண்டைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அவர் இடது கையை நீட்டினார். வெள்ளைக் குட்டி அவர் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆடியிலும் ஆவணியிலும் ஒரு தொந்தரவும் இல்லை. பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் கோணிப்பையை விரித்து அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். வெளியே வைக்க முடியாது. கீரி தூக்கிக்கொண்டு போய்விடும்; நாய்களும் உண்டு. புல்லும் முருங்கைக்கீரையும் போட்டால் போதும். பகலில் நான் இல்லாதபோது அவருக்கு அவைதான் துணை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மலையில் மழை பிடித்தால் குளிரும் சேர்ந்தே வரும். ஜன்னலைச் சாத்தினோம். அதே சமயத்தில் குட்டிகள் இரண்டும் வயதுக்கு வந்துவிட்டன. பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு ஒன்றையொன்று சுற்றிச்சுற்றி வந்தன. போன இடமெல்லாம் பின்பக்கத்தைத் தரையில் இழுத்துத் தேய்த்தன. ஒன்றின்மேல் ஒன்று மூத்திரத்தைப் பீய்ச்சி அடித்தன. ஒரு வாரத்தில் வீடு நாறத் தொடங்கியது.

சாதாரண எலி நாற்றம் இல்லை அது. கண்ணை எரிக்கும் மூத்திர நெடி ஒரு பக்கம். அதற்கு அடியில் எண்ணெய்ச் சிக்கு போல, கிடா நாற்றம் போல இன்னொன்று. நனைந்த புடவையோடு கதவைத் திறந்தால் அது முகத்தில் வந்து அடிக்கும். அங்கேயே வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன். பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைக்கக்கூடத் தெம்பு இருக்காது. ஆனால் அதற்குப் பிறகுதான் வீட்டு வேலை ஆரம்பம். அவரைப் புரட்டி, துணி மாற்றி, துடைத்து, விரிப்பை அலசி, அடுப்புப் பற்றவைத்து, கஞ்சி காய்ச்சி, ஊட்டி. எலிப்பெட்டியை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவேன். நாளைக்கும் அதுவேதான்.

ஊர் ஊராகப் போய் சுத்தத்தைப் பற்றிப் பேசுவது என் உத்தியோகம். சாணியைத் தள்ளிக் கொட்டுங்கள், குழந்தைத் துணியை வெயிலில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தால் இந்த நாற்றம். யாரிடமாவது சொல்லவே வெட்கமாக இருந்தது.

முதலில் பெட்டிக்கு அடியில் பினாயில் ஊற்றித் துடைத்தேன். பட்டை போட்ட எலி, எங்கள் பட்டைக்காரன், தும்மிக்கொண்டே இருந்தான். சாம்பிராணி போட்டேன். நாற்றம் போகவில்லை, சாம்பிராணி வாசனையும் அதோடு சேர்ந்துகொண்டது; அவருக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பொறுமை போய்விட்டது. கிணற்றில் போடுவதற்காக நிலையத்தில் வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை ஒரு கை அள்ளிவந்து, ஊறிப்போன கோணியின்மேலும் பெட்டியைச் சுற்றியும் தூவிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மூத்திரத்தோடு அது சேரக் கூடாது என்று எனக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். அலுப்பில் அது மனசில் வரவே இல்லை.

அடுப்படியில் இருந்தபோது அவர் இருமும் சத்தம் கேட்டது. பிறகு கட்டிலை இடது கையால் தட்டும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அறை முழுக்கத் தொண்டையை அறுக்கும் காட்டம். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கிறார். ஆனால் அவர் கை எலிப்பெட்டியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு, பெட்டியை வெளியே இழுத்துப் போட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அவரை நிமிர்த்தி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் ஆயிற்று இருமல் அடங்க.

“கொல்லப் பாத்தியா?” என்றார் குழறலாக. விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எலிகள் பிழைத்துக்கொண்டன. வெள்ளைக்கு ஒரு கண் மட்டும் பத்து நாள் சிவந்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் கணியம்பாடியிலிருந்து அவருடைய அக்கா தம்பியைப் பார்க்க வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்த களைப்போடு உள்ளே நுழைந்தவர், சட்டென்று முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார்.

“பேரு பெத்த பேரு ஜவ்வாது மல. வூட்டுக்குள்ள வந்தா நிக்க முடியல. இன்னாம்மா இது நாத்தம்?” என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கட்டிலிலிருந்து சத்தமாகச் சொன்னார். “எலி, அக்கா. எலி. ரெண்டும் ஆம்பள எலி. அப்டித்தான் நாறும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்காவும் முந்தானைக்குள் சிரித்துவிட்டு, “இத்தப் போயி வூட்டுக்குள்ள வெச்சினு கீறியே தம்பி” என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு வேகமாக, அவ்வளவு தெளிவாக என் கணவர் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அக்கா போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ ஒரு ஆளு எத்தினிதான் பாப்ப. அதுங்கள எங்கனா வுட்டுடு. பாவம் நீ.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மறுநாள் காலை அவருக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னேன். “இதுங்கள யாருக்காவது குடுத்துடலாங்க. என்னால முடியல.”

அவர் இடது கையால் எலிப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பக்கத்து வூட்டுல கேட்டா வெச்சிக்குவாங்க. ஆட்டுக் கொட்டாய்ல ஒரு மூலையில கெடக்கும்.”

“வேணாம்.”

“ஏன் வேணாம்? நான் ஒருத்தி எத்தினி பேருக்குத்தான் அலசறது?”

குரலை உயர்த்திவிட்டேன். ஒருபோதும் அப்படிப் பேசினதில்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நேரமாகிவிட்டது, தடுப்பூசிப் பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டினேன். அப்போது அவர் சொன்னார்:

“அதுங்க போய்ட்டா, வர்றவங்க மூக்க மூடினா, நான் இன்னான்னு சொல்றது?”

அவர் உதடு இழுத்துக்கொண்டு போயிற்று. நான் தடுப்பூசிப் பெட்டியை மறுபடியும் கீழே வைத்தேன்.

காலை எட்டு மணிக்குப் போனால் நான் திரும்ப ஐந்து மணிக்கு மேல் ஆகும். மதியம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சோறு போட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள். அதற்கு மேல் அவளிடம் எதைக் கேட்பார்? ஈரத்தோடேயே கிடப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூத்திரக் குப்பியை முதல் வாரமே வேண்டாம் என்று தூக்கி எறிந்திருந்தார். நானும் திரும்பக் கேட்கவில்லை. நான் ஒரு நர்ஸ். நூறு பேருக்குக் குப்பி வைத்தவள். என் வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கத் தெம்பில்லாமல், மாலையில் வந்து துணி மாற்றினால் போதும் என்று ஒரு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பதை அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எலிகள் வந்ததும் அவருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

அன்று வேலைக்குப் போனேனா என்று கேட்டால், போனேன். போகாமல் இருக்க முடியாது. வழியெல்லாம் எதுவுமே கண்ணில் படவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் கிணற்றடியில் இருந்தாள். என் வயசுதான் இருக்கும். மலைக்காரி, ஆடுகள் நிறைய வைத்திருந்தாள், இரண்டு கிடாக்கள் உட்பட. அவளிடம் எலிகளைப் பற்றி முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

“கெடான்னா நாறத்தான் செய்யும் நர்சம்மா. அத்த ஒண்ணியும் பண்ண முடியாது” என்றாள். “ஆனா பாதி நாத்தம் அதுங்களுது இல்ல. எதுல வெச்சிகீறீங்க?”

“தேயிலப் பொட்டில.”

“மரமா? மரம் குடிச்சிக்கும். நீங்க மேல எத்தினி தொடச்சாலும் உள்ள கீறது போவாது. அத்த எரிச்சிடுங்க மொதல்ல.”

மறுநாளே அந்தப் பெட்டியை வெந்நீர் அடுப்பில் போட்டேன். எரியும்போதும் நாறியது. அடுத்த தடவை மாதக் கூட்டத்துக்காகக் கீழே இறங்கியபோது ஒடுகத்தூரில் தகர வேலை செய்பவரிடம், விளிம்பு மடித்த அகலமான தட்டு ஒன்று சொல்லிச் செய்து வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். முறுக்குப் போட்டு வைக்க என்று சொல்லிவிட்டேன். தட்டைச் சுற்றி மூங்கில் பிளாச்சால் கூண்டு கட்டிக்கொடுத்தவள் பக்கத்து வீட்டுக்காரிதான். நடுவிலும் ஒரு தடுப்பு வைத்தாள். ஒன்றையொன்று பார்க்கலாம், முகரலாம், பாய முடியாது. பீய்ச்சி அடிப்பது பாதியாகக் குறைந்தது.

கோணியை விட்டேன். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடியில் பழைய பேப்பர், அதற்குமேல் காய்ந்த சாமை வைக்கோல். மலையில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று நாள் கவனித்தபோது, இரண்டும் ஆளுக்கொரு மூலையைத்தான் மூத்திரத்துக்கு வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தினமும் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த மூலையை மட்டும் காலையில் எடுத்துவிட்டுப் புது வைக்கோல் வைத்தால் போதும். முழுவதையும் வாரம் இரண்டு தடவை. தகரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்ததைப் புளி கரைத்து ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தால் வந்துவிட்டது. அழுகும் முட்டைகோஸ் இலையைப் போடுவதை நிறுத்தினேன். தின்னாமல் மிஞ்சிய கீரையை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

மிச்சமிருந்தது அந்த எண்ணெய்ச் சிக்கு நாற்றம். ஒருநாள் பட்டைக்காரனைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். வால் இருக்க வேண்டிய இடத்தில் மயிர் கறுத்து, பிசுக்குப் பிடித்து ஒட்டிக்கிடந்தது. தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஊறவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தேன். கறுப்பு மெழுகு மாதிரி வந்தது. பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. “நான் புடிக்கிறேன்” என்றார் அவர். சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். இடது கையால் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அது அவர் சட்டைப் பித்தானைக் கடித்தது.

துடைத்து முடித்துக் கையை அலம்பிவிட்டு வந்தேன். அந்த நேரத்தில்தான் கேட்க முடிந்தது.

“ஆஸ்பத்திரியிலேருந்து குப்பி ஒண்ணு கொண்டாரட்டாங்க?”

அவர் எலியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“இடது கையால முடியுமா?” என்றார் கடைசியில்.

“இத்தப் புடிச்சிங்களே. அது முடியாதா?”

“பக்கத்து வூட்டுப் பொண்ணு வர்ற நேரத்துல கண்ணுல படாம வெக்கணும்.”

“கட்டிலுக்கு அந்தாண்ட மூடிபோட்டு வெக்கிறேன். யாருக்கும் தெரியாது.”

நான் கொண்டுவந்தேன். முதல் நான்கைந்து நாள் தவறியது, கொட்டியது. ஒரு தடவை கோபத்தில் சுவரில் வீசினார். கண்ணாடி இல்லை, அதனால் உடையவில்லை. பிறகு கை பழகியது. படுக்கையின்மேல் ரப்பர் ஷீட் போட்டு, காலையில் நான் போவதற்கு முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை துடைத்துவிட்டேன். எழுந்து நடக்கவில்லை, கை திரும்பவில்லை. ஆனால் மாலையில் நான் வரும்போது அவர் பெரும்பாலும் காய்ந்த துணியில் இருந்தார்.

தை மாதம் கூண்டைக் கட்டிலின் உயரத்துக்கு ஒரு பெஞ்சின்மேல் தூக்கி வைத்தோம். காலையில் ஈர மூலையை வாரி ஒரு முறத்தில் போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அரை மணி நேரம் ஆகும். பாதி வைக்கோல் தரையில் சிந்தும். நான் அதைப் பெருக்கிவிட்டுப் போவேன். எனக்கு வேலை குறைந்தது என்று சொல்ல முடியாது. சில நாள் கூடத்தான் செய்தது.

வீடு மணக்கவில்லை. அப்படிச் சொன்னால் பொய். ஜன்னல் சாத்திய நாட்களில் உள்ளே வருகிறவர்களுக்கு இங்கே ஏதோ மிருகம் இருக்கிறது என்று தெரியும். ஆனால் மூக்கை மூட வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்று தயங்குவதை நானும் எப்போதோ விட்டிருந்தேன்.

வெள்ளை மூன்றாவது வருஷக் குளிரில் செத்தது. பட்டைக்காரன் கிழவனாகும் வரை இருந்தான். வயதானதும் அவனுக்குப் பின்பக்கத்துப் பை தளர்ந்து, புழுக்கை வெளியே வராமல் உள்ளேயே கட்டிக்கொள்ளத் தொடங்கியது. பழைய நாற்றத்தைவிட அது மோசம். தினமும் எண்ணெய் தொட்டு எடுத்துவிட வேண்டும். அவர் பிடித்துக்கொள்வார், நான் எடுப்பேன். எனக்குச் சில நாள் கண் சொருகும். “தூங்காத, அதுக்கு வலிக்கும்” என்பார்.

ஒரு மாசியில், போலியோ சொட்டு மருந்து கொடுத்துவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பினேன். அவர் மடியில் ஒரு துணிப்பொட்டலம் இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து, பல்லாலும் இடது கையாலுமே சுற்றியிருக்கிறார். பட்டைக்காரன் மதியமே செத்திருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் வந்தபோது அவளிடம் கொடுக்கவில்லை. நான் வரட்டும் என்று வைத்திருந்தார்.

அவள் மண்வெட்டியோடு வந்து சாமைக் கொல்லை ஓரத்தில் குழி எடுத்தாள். “கெடா மாதிரி இருந்தான்” என்று சொல்லி மண்ணைத் தள்ளினாள். நான் உள்ளே வந்தேன். வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது. கஞ்சி வைக்க வேண்டும், விரிப்பை மாற்ற வேண்டும். ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தேன். அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது விடிந்திருந்தது. என்மேல் அவருடைய போர்வை கிடந்தது. அதை எப்படி அவ்வளவு தூரம் இழுத்துப் போட்டாரோ தெரியவில்லை. அவர் இரவு முழுக்கப் போர்வை இல்லாமல், சாப்பிடாமல், உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார்.

“எழுப்பியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“நீயே எப்பயாவதுதான் தூங்கற” என்றார்.